நம்ம ஊர்க் கத்தி கடல் கடக்கணுமா? பேரைச் சொல்லி, உறை போட்டு, கணக்குப் பார்த்து அனுப்புவோம்



நம்ம வட்டாரத்திலிருந்து வெளிநாட்டுக்குச் சாமான் போவது புதுசு இல்லை. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி கடல் தாண்டிப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க ஊருக்கு வந்தா டப்பா டப்பாவா வாங்கிட்டுப் போறாங்க. இப்போ சில குழுக் கூட்டங்களில் வேறொரு கேள்வி வருகிறது. "எங்க வீட்டுப் பட்டறையில அடிக்கிற காய்கறிக் கத்தியும் அருவாமனையும் வெளிநாட்டுல கேக்குறாங்க. எப்படி அனுப்புறது? போலீஸ் பிடிக்குமா? தபால்ல எடுப்பாங்களா?"

நல்ல கேள்வி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இருக்கு. தோப்பு இருக்கிற இடத்தில் அரிவாளுக்கு வேலை இருக்கும். அரிவாள் இருந்தா கொல்லுப் பட்டறையும் இருக்கும். அந்தப் பட்டறை வீடுகளில் நம்ம குழு உறுப்பினர்களும் இருக்காங்க. உலைக்குக் கரி போடுறது, துருத்தி போடுறது, எதிர்ச் சம்மட்டி அடிக்கிறது, கைப்பிடி தேய்க்கிறது என்று பாதி வேலை பெண்களோட கையில்தான் நடக்குது. ஆனா விற்பனை என்று வரும்போது அந்தக் கை கணக்கில் வர்றதில்லை. அதனால அனுப்பும் முறையையும் கணக்குப் போடும் முறையையும் சேர்த்தே இந்த இதழில் பார்ப்போம்.

கத்தி அனுப்புறது குத்தமா?

இல்லை. பயப்பட வேண்டாம். ஆனா எந்தக் கத்தி என்பதைத் தெரிஞ்சுக்கணும்.

நம்ம நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கு. அதன் விதிகளின்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கிற கத்தி ஆயுதக் கணக்கில் வரும். அதே விதியிலேயே ஒரு விலக்கும் சொல்லியிருக்கு. வீட்டு உபயோகத்துக்கும், விவசாயத்துக்கும், அறிவியல் மற்றும் தொழிற்சாலை வேலைக்கும் செய்த கத்திகள் அந்தக் கணக்கில் வராது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இதுதான். கத்தியின் நீளத்தை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை, அது எதுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்குது. காய்கறி நறுக்கச் செய்த கத்தி சமையலறைச் சாமான். கதிர் அறுக்கச் செய்த அரிவாள் விவசாயக் கருவி. அதை அப்படியே சொல்லி, அப்படியே எழுதி அனுப்பினால் தைரியமா நிற்கலாம். பார்சலில் வேறு எதையோ எழுதி மறைச்சு அனுப்பினால்தான் சிக்கல். ஸ்கேன் மெஷினில் கத்தி கத்தியாகத்தான் தெரியும். பேப்பரில் "அலங்காரப் பொருள்" என்று இருந்தால், உள்ளே இருப்பது நல்ல சாமானாக இருந்தாலும் சந்தேகம் வந்துடும்.

நம்ம பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்தது இது. "இரும்புச் சாமான், பரிசு" என்று எழுதி மூணு சமையல் கத்தி அனுப்பினாங்க. பாதி வழியில் நிறுத்திட்டாங்க. பார்சல் திரும்பி வந்தது. போன செலவும் போச்சு, திரும்பி வந்த செலவும் தலையில் விழுந்தது. அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு மாசத்துக் குழுத் தவணைப் பணம். "கையால் செய்த சமையலறைக் கத்தி, 3 எண்ணம், விற்பனைக்கு" என்று எழுதியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது?

முதலில் தொடங்க ஏற்றவை: காய்கறிக் கத்தி, மீன் நறுக்கும் கத்தி, சின்ன அருவாமனை, தேங்காய்த் துருவி, களைக்கொத்தி. இவற்றைப் பார்த்தாலே எதுக்கு என்று தெரியும். கேள்வி குறைவு.

யோசிச்சு அனுப்ப வேண்டியவை: கதிர் அரிவாள், தோப்பு வேலைக்கான அரிவாள், பெரிய கறிக் கத்தி. வாங்குகிறவர் நாட்டில் அனுமதி உண்டா என்று கேட்ட பிறகுதான் ஆர்டர் எடுக்கணும்.

எடுக்கவே கூடாதவை: இரண்டு பக்கமும் கூர் உள்ள குத்துவாள், பட்டனைத் தட்டினால் விரியும் கத்தி, கம்புக்குள் மறையும் கத்தி. சாமிக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் நீள அரிவாளும் இதில் சேரும். கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நாம் பக்தியோடு செலுத்துகிறோம், அது நம்ம வழக்கம். ஆனால் அது சமையலுக்கும் இல்லை, விவசாயத்துக்கும் இல்லை. மேலே சொன்ன விலக்கு அதற்குப் பொருந்தும் என்று நம்ம இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. வெளிநாட்டில் கோயில் கட்டுகிறவர்கள் கேட்டாலும், முறையான அனுமதி பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்காமல் கை நீட்டி முன்பணம் வாங்க வேண்டாம்.

கைப்பிடி விஷயத்திலும் கவனம் வேணும். நமக்குப் பக்கத்தில் இருப்பது சாதாரணக் காடு இல்லை. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. காட்டில் கிடந்தது என்று யாராவது மான் கொம்பு கொடுத்தால் கைப்பிடிக்கு வாங்கிடக் கூடாது. 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம். செம்மரம், ஈட்டி மரத்துக்கும் ஏற்றுமதியில் தடையும் கட்டுப்பாடும் உண்டு. புளிய மரம், வேல மரம், பழைய தென்னை வைரம் போதும். பில்லோடு வாங்கி, பில்லைப் பத்திரமா வையுங்க.

தபாலா, கூரியரா?

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

தபாலில் மூணு வழி உண்டு. சின்னப் பார்சலுக்கு சர்வதேச டிராக்டு பாக்கெட் என்ற சேவை இருக்கு. இரண்டு காய்கறிக் கத்திக்கு இது போதும். அவசரம் என்றால் வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட். எடை கூடினால் ஏர் பார்சல். எல்லா நாட்டுக்கும் எல்லாச் சேவையும் இல்லை. எடை வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். அதனால கவுன்டரில் நாட்டின் பேரைச் சொல்லிக் கேக்கணும். பதிவு செய்ததும் 13 இடங்கள் கொண்ட ஒரு எண் தருவாங்க. முன்னால இரண்டு இங்கிலீஷ் எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. அந்த ரசீதைக் குழு நோட்டில் ஒட்டி வையுங்க. பார்சல் எங்கே இருக்கு என்று அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும்.

கூரியர் சீக்கிரம் போகும், வீட்டுக்கே வந்து எடுப்பாங்க. ஆனா இரண்டு விஷயம். முதலாவது, கத்தியை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தனி விதி வைத்திருக்கு. ஏஜென்ட் "பார்த்துக்கலாம்க்கா" என்று சொன்னால் போதாது. இன்ன சாமான், இன்ன நாடு, எடுப்பீர்களா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்க. இரண்டாவது, கூரியர்காரங்க எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க, பெட்டி அடைக்கிற இடத்தையும் பார்ப்பாங்க. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பெரும்பாலான கம்பெனிகளின் வழக்கம்.

அருவாமனையை வைத்துப் பாருங்க. பெட்டி 40 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 20 உயரம். பெருக்கினால் 16,000. வகுத்தால் 3.2 கிலோ. தராசில் 1.8 கிலோ காட்டினாலும் பணம் 3.2 கிலோவுக்குத்தான். அதனால அனுப்புறதுக்கென்று செய்யும் அருவாமனையில் அலகை மடக்கும்படி அல்லது கழற்றி மாட்டும்படி செய்தால் பெட்டி தட்டையாகும். பட்டறையில் செய்யும் ஒரு சின்ன மாற்றத்தால் ஒவ்வொரு பார்சலிலும் பணம் மிச்சம்.

என்னென்ன பேப்பர் வேணும்?

மகளுக்கோ தங்கச்சிக்கோ அன்பளிப்பாக அனுப்புவது வேறு, விலைக்கு அனுப்புவது வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது.

அன்பளிப்பு என்றால் அடையாள அட்டை நகலும் சுங்க அறிவிப்புப் படிவமும் போதும். சின்னப் பார்சலுக்கு சி.என். 22 என்ற படிவம், மதிப்பு கூடினால் சி.என். 23. உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன விலை என்பதை உள்ளபடி எழுதணும்.

விலைக்கு அனுப்பினால் அது ஏற்றுமதி. அதற்கு வேண்டியவை:

1. ஐ.இ.சி. எண். ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கு மத்திய அரசின் அயல்நாட்டு வாணிப இயக்குநரகம் தரும் எண் இது. கட்டணம் 500 ரூபாய். கம்ப்யூட்டர் வழியாகவே வாங்கலாம். பான் கார்டும் வங்கிக் கணக்கும் வேணும். ஒரு தடவை வாங்கினால் போதும். ஆனா ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விவரத்தைச் சரிபார்த்து உறுதி செய்யணும். மறந்தால் எண் முடங்கிப் போகும்.

2. ஜி.எஸ்.டி. விவகாரம். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். ஆனா அதைக் காட்டப் பதிவும், வரி கட்டாமல் அனுப்பலாம் என்ற உறுதிமொழிப் பத்திரமும் தேவைப்படும். அந்தப் பத்திரம் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. இதை ஒரு ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவது நல்லது.

3. பில். விற்பவர் பேர், வாங்குபவர் பேர், சாமான், எண்ணிக்கை, விலை, எந்த நாட்டுப் பணம் என்பது எல்லாம் அதில் இருக்கணும்.

4. சாமானின் குறியீட்டு எண். உலகம் முழுக்கச் சுங்கத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண் உண்டு. சமையல் கத்தி 8211 என்ற தலைப்பில் வரும். கறிக்கடைக்காரர் வெட்டுக்கத்தி 8214-ல் வரும். கதிர் அரிவாள் போன்ற விவசாயக் கைக்கருவிகள் 8201-ல் வரும். எண்ணைச் சரியாகப் போட்டால், பார்க்கிற அதிகாரிக்கு மொழி தெரியாவிட்டாலும் சாமான் என்னவென்று தெரியும்.

5. தபால் ஏற்றுமதிப் பட்டியல். முன்பெல்லாம் இதற்குச் சென்னை போன்ற ஊர்களில் இருக்கிற வெளிநாட்டுத் தபால் அலுவலகம் வரைக்கும் அலையணும். 2022-ல் தபால் துறை "டாக் கர் நிர்யாத் கேந்திரா" என்ற ஏற்றுமதி மையங்களைத் தொடங்கியது. நாடு முழுக்க 1,000-க்கும் மேல் இருக்கு. கம்ப்யூட்டரில் பட்டியலைப் பதிவு செய்துவிட்டுப் பக்கத்து மையத்திலேயே பார்சலைக் கொடுக்கலாம். நமக்குப் பக்கமான மையம் எது என்று ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய தபாலாபீசில் கேளுங்க. குழுவாக நாலு பேர் போய்க் கேட்டால் நின்று விளக்குவாங்க.

ஒவ்வொரு வீடும் தனித்தனியா இத்தனை பேப்பர் எடுக்கணுமா என்று மலைக்க வேண்டாம். கூட்டமைப்பின் பேரில் பான் கார்டும் கணக்கும் இருந்தால், அதன் பேரில் ஒரே ஒரு ஐ.இ.சி. எண் எடுத்து, பல குழுக்களின் சாமான்களை அனுப்ப வழி இருக்கு. கூட்டமைப்பு எதுக்கு என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு பதில்.

பார்சல் கட்டும் முறை

பார்சலைத் தூக்குகிறவர்களும் நம்மைப் போல உழைக்கிறவர்கள்தான். அவங்க கையில் கத்தி கிழிச்சால் நம்ம வியாபாரத்தில் அர்த்தமே இல்லை. தபால் விதியும் அதையே சொல்லுது: ஆளுக்கு ஆபத்து வருகிற மாதிரி கட்டிய பார்சலை எடுக்க மாட்டாங்க.

1. கத்தியை நன்றாகத் துடைத்துக் காய வையுங்க. லாரிப் பட்டை இரும்பில் அடித்த கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். சமையலுக்குப் பயன்படுகிற சாமானுக்கு உகந்த மினரல் ஆயிலை மெல்லிசாகத் தடவுங்க. தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

2. எண்ணெய் தடவிய அலகைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்க. செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், ஈரம் இழுக்கும்.

3. தடித்த அட்டையை மடிச்சு அலகுக்கு உறை செய்யுங்க. முனையில் ஒரு ரப்பர்த் துண்டோ தக்கையோ செருகுங்க. உறை கழன்று வராதபடி டேப் சுற்றுங்க. உறையோடு கத்தியைத் தலைகீழாப் பிடித்து உதறிப் பாருங்க. கழன்றால் மறுபடி கட்டுங்க.

4. ஐந்து அடுக்கு அட்டைப் பெட்டி எடுங்க. பெட்டிக்குள் கத்தி ஆடக் கூடாது. இடைவெளியைக் காகிதச் சுருளால் நிரப்புங்க. வைக்கோல் மட்டும் வைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வைக்கோலில் பூச்சி வரும் என்று பார்சலையே நிறுத்திடுவாங்க. பட்டை உரிக்காத மரக் கைப்பிடியும், பூச்சி துளைத்த மரமும் அதே மாதிரி நிற்கும்.

5. பெட்டியை ஒட்டாமல் கொண்டு போங்க. உள்ளே இருப்பதைக் கவுன்டரில் காட்டிவிட்டு அங்கேயே ஒட்டுங்க. கையில் டேப்பும் கத்தரிக்கோலும் இருக்கட்டும்.

6. பில் நகல் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வாங்குகிறவர் போன் நம்பர், ஊர்க் குறியீட்டு எண் இரண்டும் கட்டாயம். உள்ளே கூர்மையான பொருள் இருக்கு என்று உறையின் மேலும் இங்கிலீஷில் எழுதுங்க.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு

நம்ம ஊரில் சரி என்பது போய்ச் சேரும் ஊரில் சரியாக இருக்கணும் என்று இல்லை. சில உதாரணம் பார்ப்போம்.

அமெரிக்கா: கத்தியின் மேலேயே எந்த நாட்டில் செய்தது என்பது பதிந்திருக்கணும். ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது. கத்திக்கென்றே அவங்க சுங்க விதியில் இது தனியாச் சொல்லியிருக்கு. அச்சுக் குத்தியோ, செதுக்கியோ, அமிலத்தில் அரித்தோ, உலோகத் தகடு பதித்தோ காட்டணும். பட்டறையில் "மேட் இன் இந்தியா" என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு குத்து அச்சு செய்து வைத்தால் ஆயுசுக்கும் ஆகும். வரியிலும் பெரிய மாற்றம் வந்திருக்கு. முன்பு 800 டாலர் வரைக்கும் சின்னப் பார்சலுக்கு வரி கிடையாது. 2025 ஆகஸ்டு 29 முதல் அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க. அந்தச் சமயத்தில் நம்ம தபால் துறையே அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. வரி அளவு அதற்குப் பிறகும் மாறிக்கிட்டே இருக்கு. ஆர்டர் எடுக்கிற அன்னைக்கே கவுன்டரில் கேட்டு, வரி நாம் கட்டுவதா, வாங்குகிறவர் கட்டுவதா என்று பேசி முடிச்சுடணும்.

இங்கிலாந்து: 18 வயசுக்குக் கீழே இருக்கிறவருக்குக் கத்தி விற்கக் கூடாது. வீட்டுக்குக் கத்தி கொண்டு போகிற ஆள், வாங்குகிறவரின் வயசைச் சரிபார்த்துத்தான் கொடுக்கணும். 2019-ல் இதற்கென்றே சட்டம் போட்டிருக்காங்க. வாங்குகிறவரின் வயசை நாமும் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்க.

ஆஸ்திரேலியா: மெல்பர்ன் நகரம் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் 2025 செப்டம்பர் 1 முதல், 20 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டு விளிம்பு உள்ள அகலமான வெட்டுக்கத்திக்குத் தடை. சமையலறைக் கத்திக்கு அந்தத் தடை இல்லை. ஆக, மெல்பர்னில் இருக்கிற தம்பிக்குக் காய்கறிக் கத்தி அனுப்பலாம், தோட்ட அரிவாள் அனுப்பினால் அவருக்குத்தான் வில்லங்கம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்: 2021 ஜூலை 1 முதல், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விற்பனைப் பார்சலுக்கு மதிப்புக் கூட்டு வரி உண்டு. வாங்குகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லலைன்னா, பார்சலை வாங்க மாட்டேன்னு திருப்பிடுவாங்க.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கும் இதே முறைதான். வாங்குகிறவர் தம் ஊர்ச் சுங்கத்தில் விசாரிச்சு, "இந்தச் சாமான் வரலாம்" என்று எழுத்தில் அனுப்பட்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு உலையைப் பற்ற வையுங்க.

விலை எப்படிப் போடுவது?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. உள்ளூர் விலையோடு தபால் செலவைக் கூட்டினால் அதுதான் வெளிநாட்டு விலை என்று நினைக்கிறாங்க. கணக்குப் பழகுவதற்காக ஒரு உதாரணம் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்க எண்களை நீங்கள் போட்டுக்கணும்.

ஒரே ஒரு கத்தி அனுப்பினால்: இரும்பு, கரி, மரம், கூலி எல்லாம் சேர்ந்து 600. பெட்டி, உறை 120. தபால் 1,400. திரும்பி வந்தால் தாங்குவதற்கு ஒதுக்கு 80. மொத்தம் 2,200 ரூபாய்.

மூணு கத்தி ஒரே பார்சலில் போனால்: சாமான் 1,800. பெட்டி, உறை 180. தபால் 2,100. ஒதுக்கு 120. மொத்தம் 4,200. ஒரு கத்திக்கு 1,400 ரூபாய்.

கத்தி அதே கத்தி. சேர்த்து அனுப்பினதால 800 ரூபாய் குறைஞ்சது. அதனால "உங்க தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கேட்டுச் சொல்லுங்க" என்று வாங்குகிறவரிடம் தயங்காமல் சொல்லுங்க.

இப்போ அந்த 600 ரூபாயைப் பிரிச்சுப் பாருங்க. அதில் கூலி யாருக்கு எவ்வளவு? பட்டறையில் இரும்பு அடிக்கிறவருக்கு மட்டும் கூலி போட்டு, துருத்தி போட்டவளுக்கும், சம்மட்டி எடுத்துக் கொடுத்தவளுக்கும், கைப்பிடி தேய்த்து எண்ணெய் தடவிப் பெட்டி கட்டித் தபாலாபீசில் ஒரு மணி நேரம் நின்னவளுக்கும் ஒண்ணும் போடாமல் விட்டால், அந்த விலை பொய் விலை. அப்படிக் குறைச்சுப் போட்டு வாங்கின ஆர்டரில் லாபம் வந்த மாதிரி தெரியும். உண்மையில் அது நம்ம கூலியை நாமே இனாமாகக் கொடுத்தது. நோட்டில் இரண்டு பேர் பேரும் எழுதி, மணிக்கணக்கும் எழுதுங்க. வீட்டுக்காரர் கோபிச்சுக்கிட்டா, "இது குழுவோட கணக்கு முறை" என்று சொல்லுங்க.

பணம் எப்படி வரணும்?

ஏற்றுமதிப் பணம் வங்கி வழியாக, ஐ.இ.சி. எண்ணோடு இணைந்த கணக்குக்கு வரணும். வெளிநாட்டிலிருந்து குடும்பச் செலவுக்கு அனுப்பி, கடையில் ரொக்கமா வாங்குகிற முறை வியாபாரப் பணத்துக்கு இல்லை. முழுப் பணமும் கணக்கில் ஏறின பிறகு பார்சலைக் கட்டுங்க. "சாமான் வந்ததும் தர்றேன்" என்பது பக்கத்துத் தெருவுக்குச் சரி. கடலுக்கு அப்பால் போய் யாரைக் கேட்க முடியும்?

இடையில் ஒருத்தர் வந்து "எல்லாம் நான் பார்த்துக்கிறேன், நீங்க அடிச்சு மட்டும் கொடுங்க" என்று சொல்வார். அவரிடம் கொடுப்பதில் தப்பு இல்லை. ஆனால் வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகுது என்று தெரிஞ்சுக்கிட்டுக் கொடுங்க.

ஊருக்கு வந்தவங்க கையில் கொடுத்து விடலாமா?

இரண்டு கத்தி, ஒரு அருவாமனை என்றால் அதுதான் சுலபம். ஆனால் விமானத்தில் கையில் வைத்துக்கொள்ளும் பையில் கத்தி வைக்கக் கூடாது. சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வாங்க. கவுன்டரில் ஒப்படைக்கிற பெரிய பெட்டிக்குள், உறை போட்டு, துணிகளுக்கு நடுவில் வைக்கணும். போய் இறங்குகிற நாட்டின் சட்டம் இதற்கும் பொருந்தும்.

முதலில் எங்கே தொடங்குவது?

கடலைத் தாண்டும் முன்னால் மாவட்டத்தைத் தாண்டுவோம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அந்தப் பேர் தபாலில் வந்தது இல்லை, சாமானின் தரத்தில் வந்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தோண்டிப் பார்த்தபோது, இரும்பு உருக்கிய பழங்கால உலைகள் கிடைச்சிருக்கு. இந்தத் தொழில் நமக்கு நேற்று வந்ததில்லை.

அதனால முதலில் பத்துக் கத்தி ஒரே அளவில், ஒரே எடையில் அடிச்சுப் பாருங்க. மாவட்டப் பூமாலை வளாகத்திலும் கண்காட்சியிலும் வையுங்க. சென்னைக்கும் பெங்களூருக்கும் தபாலில் அனுப்பிப் பழகுங்க. உறை கழலாமல், துருப்பிடிக்காமல் போய்ச் சேருதா என்று வாங்கினவங்களிடம் போட்டோ கேளுங்க. அந்தப் பத்தும் ஒழுங்காப் போனால் பதினோராவது கத்தியை வெளிநாட்டுக்குக் கட்டலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

- நம்ம குழுவில் பட்டறை வேலை செய்யும் வீடுகள் எத்தனை? அதில் பெண்கள் செய்யும் வேலைக்குக் கூலி எழுதப்படுகிறதா?
- கூட்டமைப்பின் பேரில் ஐ.இ.சி. எண் எடுக்கலாமா? அந்த 500 ரூபாயையும் ஆடிட்டர் செலவையும் எந்தக் கணக்கில் எழுதுவது?
- தபாலாபீசுக்குப் போய் விசாரிச்சு வர இரண்டு உறுப்பினர்கள் யார்? எந்தத் தேதிக்குள்?

விசாரிச்சு வந்த விவரத்தைத் தீர்மான நோட்டில் எழுதி, நகல் ஒன்று நமக்கு அனுப்பி வையுங்க. எந்தக் கவுன்டரில் என்ன சொன்னாங்க, எந்த நாட்டுக்கு என்ன கட்டணம் என்ற விவரம் ஒரு குழுவுக்குக் கிடைச்சால், மற்றக் குழுக்கள் மறுபடி அலைய வேண்டாம். வந்த விவரங்களை அடுத்த இதழில் பட்டியலாகப் போடுவோம்.